மஞ்சள் தண்ணீர், நீலத் தண்ணீர்

2022 கோடையில் என்னிடம் வந்த ஒரு வாடகை வழக்கில் மொத்தத் தொகையே 45,000 ரூபாய்தான். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா, மேலே குடித்தனம். இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்த குடித்தனக்காரர் காலி செய்துகொண்டு போன பிறகும் மூன்று மாத அட்வான்ஸ் அவர் கைக்குத் திரும்பவில்லை. மேல்வீட்டுச் சமையலறை சிங்க் ஒழுகிக் கீழ்வீட்டுச் சுவர் பாழாகிவிட்டது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசியும் கெட்டுவிட்டது, இரண்டுக்கும் அவர்தான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. குடித்தனக்காரர் ரெண்ட் கோர்ட்டில் மனுப் போட்டார். சம்மனை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். இந்த வழக்கைப் பற்றி எழுதச் சொன்னதும் அவர்தான். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணவர் கட்டிய வீடு அது. கடல் கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் உப்புக் காற்று உள்ளே புகுந்து உரித்துவிடும். ஏசியின் அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில் கடலைப் பார்த்த சுவரில் மாட்டியிருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் 2012-இல் அப்பா அம்மாவுக்காக வாங்கிக் கொடுத்த ஒன்றரை டன் ஏசி. கணவர் போன பிறகு, முழங்கால் வலியோடு படி ஏற முடியாமல் அம்மா கீழே வந்துவிட்டார். 2019 கடைசியில் மேல்வீட்டை வாடகைக்கு விட்டார்கள். ஆள் பார்த்தது, வாடகை பேசியது, ஒப்பந்தத்தை இணையத்தில் பதிவு செய்யவைத்தது எல்லாம் மகன்தான். வாடகையும் மகன் கணக்குக்கே போனது.

குடித்தனக்காரர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்த்தவர். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை என்று அம்மாவே சொன்னார். அப்படியிருந்தும் ஏன் காலி செய்யச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அரிவாக்குளம் பில்டிங் விழுந்துதே சார், அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல” என்றார்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் கிராமத் தெரு அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகள், அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துப் பயந்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த இடிபாட்டைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய அம்மா, தன் சமையலறைக் கூரையின் மூலையில் பல மாதமாகப் பரவிக்கொண்டிருந்த ஈரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அதுவரை அது வெறும் கறை. அன்றைக்கு அது வேறாகத் தெரிந்தது. அவர் பயத்தைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கான்கிரீட்டுக்குள் ஈரமும் உப்பும் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து, மேலே உள்ள பூச்சைத் தள்ளிப் பெயர்த்துவிடும். கடலோர வீடுகளில் கூரையிலிருந்து கை அகலத்துக்குக் காரை விழுவது அப்படித்தான். உடனே அந்த மாதமே காலி செய்யச் சொன்னார். அவர்களும் வம்பு பண்ணாமல் தை முடிந்ததும் போய்விட்டார்கள்.

அம்மாவின் வாதம் எளிமையானது. தண்ணீர் மேலேயிருந்து வந்தது. மேலே இருந்தவர் அவர். ஆகவே அவர்தான் கொடுக்க வேண்டும். கேட்பவர் யாரும் சரிதானே என்றுதான் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. இதே மாதிரி ஒரு விவகாரம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிருக்கிறது. ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் யாரோ ஒருவர் கை கழுவும் தொட்டியின் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கழிவுக் குழாயை அடைத்துவிட்டுப் போய்விட்டார். வழிந்த தண்ணீர் இறங்கி, இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தவரின் சரக்கை நாசம் செய்தது. ரிக்கார்ட்ஸ் எதிர் லோதியன் என்ற அந்த வழக்கில் 1913-இல் பிரிவி கவுன்சில், சரக்கை இழந்தவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாயும் தொட்டியும் இருப்பது வழக்கமான உபயோகம். அணை கட்டித் தேக்கிய தண்ணீருக்குச் சொல்லும் கடுமையான பொறுப்பை அதன்மேல் ஏற்ற முடியாது. அஜாக்கிரதை இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் மாடி வீட்டுக் கசிவு வழக்குகளில் நான் முதலில் நினைத்துப் பார்ப்பது இந்தத் தீர்ப்பைத்தான். எந்தத் தண்ணீர், எந்த வழியாக, யார் கவனிக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தது? இதற்குப் பதில் கிடைக்காமல் ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் செய்ய முடியாது.

வாடகை வீட்டில் யார் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் எழுத்தில் விடை இருக்கிறது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை ரிப்பேர்களை இரு பக்கமாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர் மாற்றுவது, கழிவுநீர்ப் பாதையின் அடைப்பு எடுப்பது, தொட்டி ரிப்பேர், சுவிட்ச், சமையலறைச் சாமான் ரிப்பேர் ஆகியவை குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் அது வேறு. வழக்கமான தேய்மானம் யார் தலையிலும் விழாது. சென்னையில் காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதாமல் அப்படிப் பிடிக்க அட்டவணையில் இடமில்லை. அம்மாவும் பிடித்திருந்தார். முதல் நாளே அதை விட்டுவிடச் சொன்னேன். முகம் சுருங்கினாலும் கேட்டுக்கொண்டார்.

ஆகக் கேள்வி இப்படி நின்றது. சிங்க்கில் இருந்தது அடைப்பா, குழாய்ப் பழுதா? அடைப்பென்றால் குடித்தனக்காரர், குழாயென்றால் அம்மா. சுவருக்குள் புதைந்திருந்த குழாயை வாய்ப்பேச்சில் நிரூபிக்க முடியாது. உள்ளூர் ஆய்வுக்கு ஒரு வழக்கறிஞர் கமிஷனரை நியமிக்கும்படி இரு தரப்பும் கேட்டோம். நீதிமன்றம் ஓர் இளம் பெண் வழக்கறிஞரை நியமித்து, ஒரு பிளம்பரை உடன் கூட்டிப்போக அனுமதித்தது.

என் தொழிலில் நான் பார்த்த நல்ல ஆய்வுகளில் அது ஒன்று. சுவரை உடைத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு அந்த பிளம்பர், “ஒடைக்கறது கடைசி சார், மொதல்ல தண்ணியையே கேப்போம்” என்றார். வயதானவர். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பழைய வீடுகளில் வேலை செய்தே தலை நரைத்தவர். அம்மாவிடம் ஒரு கைப்பிடி மஞ்சள்தூளும் துணிக்குப் போடும் சொட்டு நீலமும் வாங்கிக்கொண்டார். கமிஷனரையும் எதிர்க்கட்சி வக்கீலையும் கீழே அந்த ஈரச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஈரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியை ஒட்டினார். என்னை மேலே கூட்டிப்போனார்.

முதலில் சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். வேஸ்ட் கப்ளிங்கின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவில்தான் விழுந்தது, தரையை எட்டவில்லை. மஞ்சளைக் கரைத்து, குழாயைச் சாதாரணமாகத் திறந்து சிங்க்கில் விட்டார். கீழே துணி வெள்ளையாகவே இருந்தது. அடுத்து சிங்க்கின் வாயை அடைத்து விளிம்பு வரை மஞ்சள் தண்ணீர் நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிட்டார். தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து கமிஷனரின் குரல் கேட்டது: “மஞ்சள் வருது!”

அம்மாவும் கீழேதான் இருந்தார். தன் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைத்தார்.

பிளம்பர் நிறுத்தவில்லை. ஹாலில் இருந்த ஏசியின் மூடியைக் கழற்றி, உள்ளே தண்ணீர் சேரும் தட்டில் சொட்டு நீலம் கலந்த ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. துணியின் மேல் பாதி நீலமாகிவிட்டது. மஞ்சள் மெல்லக் கசிந்தது. நீலம் ஓடியே வந்தது. நான் கீழே இறங்கி வந்தபோது துணியில் இரண்டு நிறமும் கலந்த இடம் பச்சையாக இருந்தது.

காரணத்தை அவரே விளக்கினார். ஏசித் தண்ணீரை வெளியே கொண்டுபோக அந்தக் காலத்தில் தனிக் குழாய் போடவில்லை. ஹோஸைச் சுவருக்குள் விட்டு, சிங்க்கின் வேஸ்ட் பைப்பில் ஒரு ‘டீ’ (T வடிவ இணைப்பு) வைத்து அதில் செருகியிருந்தார்கள். அதையும் சொல்யூஷன் போட்டு ஒட்டவில்லை; வெளியே எம்-சீல் பூசி மூடியிருந்தார்கள். வருஷம் போகப் போக அது வெடித்து, ஹோஸ் டீயை விட்டு நழுவிவிட்டது. ஏசி ஓடும் நேரமெல்லாம் தண்ணீர் நேராகச் சுவருக்குள்தான் போனது. நம் கடற்கரை ஈரத்தில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் விடும். சித்திரை வைகாசி ராத்திரிகளில் எத்தனை வாளி அந்தச் சுவர் குடித்திருக்கும்! சிங்க் லைனில் அடைப்பு ஏற்பட்ட நாட்களில் மட்டும் கழிவுநீர் பின்வாங்கி, அந்தத் திறந்த வாய் வழியாக வெளியே வந்திருக்கிறது.

பிறகு அவர் கம்பி விட்டு லைனைக் குத்தினார். வெளிச் சேம்பரில் வந்து விழுந்தது கொழுப்பு படிந்த ஒரு கட்டி. உள்ளே மீன் செதில், சோறு, டீத்தூள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும்போது எந்த வீட்டு சிங்க்கிலும் மீன் கழுவாமல் இருக்க மாட்டார்கள்; குழம்பின் எண்ணெய் குழாய்க்குள் ஆறி ஒட்டி, அதில் செதில் வந்து சேரும். அடைப்பு போனதும் மறுபடி மஞ்சள் தண்ணீர் விட்டார். புதுத் துணி நனையவே இல்லை.

கமிஷனர் மேடத்தின் அறிக்கை நான்கு பக்கம்தான். அதில் ஒரு வரி வழக்கின் முதுகெலும்பு. அந்த இணைப்பு சரியாக இருந்திருந்தால் அடைப்புத் தண்ணீர் சிங்க்கிலேயே தேங்கி நின்றிருக்கும், மேலே இருந்தவர்களுக்கே அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று எழுதியிருந்தார். அடைப்பு குடித்தனக்காரருடையது, அது கீழ்வீட்டுக்கு வந்த வழி வீட்டுக்காரருடையது. என் கட்சிக்காரருக்கு எதிரான வரி அது. ஆனால் உண்மை.

ஏசி பாக்கி இருந்தது. ‘ஏசி சர்வீஸ் வாடகைதாரர் பொறுப்பு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அட்டவணையிலும் மின்சாதன ரிப்பேர் குடியிருப்பவர் பக்கம்தான். அதை வைத்து வாதாடலாம் என்று இருந்தேன். குடித்தனக்காரரோ ஒவ்வொரு கோடைக்கும் மெக்கானிக் கொடுத்த ரசீதை வரிசையாகத் தாக்கல் செய்தார். இரண்டிலும் ‘கேஸ் ஃபில்லிங்’. இதை வாசகர்களுக்கு அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏசியில் இருக்கும் கேஸ், அடுப்பு சிலிண்டர் கேஸ் மாதிரி செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த கோடைக்கும் அதே செலவு. இந்த ஏசியில் இருந்ததோ ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகம் கைவிட்டுக்கொண்டிருக்கும் வாயு. இந்தியாவும் 2030-க்குள் விட்டாக வேண்டும். உப்புக் காற்றில் காயிலின் தகடுகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. பத்து வருஷம் கடலைப் பார்த்து நின்ற யூனிட் அது. சர்வீஸ் செய்யாததால் கெட்டது என்று எந்த மெக்கானிக்கும் சாட்சி சொல்ல மாட்டார். வயதாகித் தேய்ந்தது, தேய்மானம் குடித்தனக்காரர் கணக்கில் வராது. இப்படித் திரும்பத் திரும்பக் கேஸ் ஏற்றிப் பணம் வாங்குவதைச் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோகலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

அந்த ரசீதுகள் எனக்கும் ஒரு வாதத்தைக் கொடுத்தன. முதல் கோடையிலேயே ஓட்டை இருப்பது தெரிந்தும், ஹோஸ் நழுவித் தண்ணீர் சுவருக்குள் போவதைப் பார்த்தும், கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் ஏன் சொல்லவில்லை? சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவும் அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் ரிப்பேர் செலவை வாடகையில் கழிக்கலாம் என்கிறது. அறிவிப்பு இல்லாததால் சேதம் பெருகியது என்று பதில் மனுவில் எழுதினேன்.

அதற்குத்தான் அவர் கடைசி ஆவணத்தைக் கொண்டுவந்தார். வாட்ஸப் செய்திகளின் அச்சுப் பிரதி. அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றிதழும் இணைத்திருந்தார். அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காகிதத்தின் அருமை தெரிந்த துறைமுக ஆள். 2020 மே மாதம் ஒரு செய்தி: காயில் போய்விட்டது, மெக்கானிக் மாற்றச் சொல்கிறார், என்ன செய்யலாம்? 2021 ஐப்பசியில் போட்டோவோடு இன்னொன்று: ஏசித் தண்ணீர் சுவருக்குள் போகிறது, சீக்கிரம் பார்க்கவும். இரண்டும் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போனவை. இரண்டுக்கும் பதில், தூக்கிய கட்டைவிரல் படம்.

வாடகை பேசியவரும் வாங்கியவரும் மகன். முகவருக்குத் தெரிவித்தது முதலாளிக்குத் தெரிவித்ததாகும் என்பது 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 229-ஆம் பிரிவு. தாய்க்கு எதுவும் தெரியாது. சட்டத்தின் கண்ணில் எல்லாம் தெரியும். அந்தக் கட்டைவிரலுக்கு அர்த்தமில்லை என்று வாதாட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருஷமே, 2023 ஜூனில், கனடாவின் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம் ஒரு விவசாயி ஒப்பந்தப் படத்துக்குப் பதிலாக அனுப்பிய கட்டைவிரல் குறியைச் சம்மதமாகவே ஏற்று, ஆளிவிதை கொடுக்காததற்காக 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் அம்மாவை உட்காரவைத்து அந்தச் செய்திகளைத் தமிழில் படித்துச் சொன்னேன். தேதியை மட்டும் இரண்டாவது முறை கேட்டார். பிறகு எழுந்து நேராகக் குடித்தனக்காரரிடம் போனார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா? கீழதான இருந்தேன்.”

அவர் தலை குனிந்தார். “அம்மாக்கு ஒடம்பு சரியில்ல, தொந்தரவு குடுக்காதீங்கன்னு அண்ணன்தாம்மா சொன்னாரு.”

மகன் பாசத்தில் சொன்னது. குடித்தனக்காரர் மரியாதைக்காக மீறாதது. இருவர் பேரிலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த அக்கறைதான் சுவரை ஊறவைத்தது. ஒரு தாயை ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுக்கவைத்தது. படி இறங்கி வந்து சொல்லியிருந்தால் ஒரு முழம் குழாயும் ஒரு நாள் கூலியும்தான் செலவு.

வழக்கை மேலே நடத்த வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். இரு தரப்பும் கையெழுத்திட்ட சமாதான மனுவை நீதிமன்றம் பதிவு செய்தது. அடைப்பு எடுத்ததற்கும் வாஷர், கப்ளிங் மாற்றியதற்கும் 1,500 ரூபாய், கடைசி மின்கட்டண பாக்கி 1,200 ரூபாய் கழித்து, மீதி 42,300 ரூபாயை இரண்டு வாரத்தில் அம்மா திருப்பிக் கொடுத்தார். சுவர் பூச்சு, குழாய், ஏசி எல்லாம் அவர் செலவு. பெயின்டிங் பிடித்தம் இல்லை. அதே பிளம்பரை வைத்து டீயை எடுத்துவிட்டு, ஏசிக்குத் தனிக் குழாய் வெளிச்சுவர் வழியாக இறக்கினார். கூரையைத் தட்டிப் பார்த்த பொறியாளர் கம்பி நன்றாக இருக்கிறது, பூச்சு மட்டும்தான் போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு ஊரிலுள்ள வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் உங்கள் எண்ணோடு அந்த வீட்டில் குடியிருக்கும் அம்மா அப்பாவின் எண்ணையும் எழுதுங்கள். கசிவு என்று குடித்தனக்காரர் செய்தி அனுப்பினால் அன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்; ஆள் அனுப்பிப் பார்க்கச் செய்யுங்கள்.